நிக்கோல் விரித்த ஃபாயில்

பெங்களூர் காக்ஸ் டவுனில் சிரில் என்று கேட்டால் நாலு சிரிலைக் காட்டுவார்கள். ஓவன் சிரில் என்று கேட்டால் ஒருத்தன்தான். டிசம்பர் பிறந்துவிட்டால் அவனுக்குக் கை ஒழியாது. கேக் போடுகிற வீடுகளெல்லாம் வருஷம் முழுக்க ஓவனைத் துடைக்காமல் போட்டுவைத்திருந்துவிட்டு, பழங்களை ரம்மில் ஊறவைத்த பிறகுதான் அவனைத் தேடும். எண்ணெய்ப் பிசுக்கு, கருகிய சர்க்கரை, கரப்பான்பூச்சி, ஒருமுறை ஓர் எலிக்குஞ்சு. அத்தனையையும் முட்டி போட்டு உட்கார்ந்து சுரண்டி எடுப்பான். கோயிலில் முட்டி போட்டதைவிட ஓவன்களுக்கு முன்னால் அவன் முட்டி போட்டதுதான் அதிகம் என்று அவன் பெண்டாட்டி கிண்டல் செய்வாள். பொய்யில்லை.

அப்படிப்பட்டவன் இரண்டு வருஷமாக ஒரே ஒரு தெருவுக்குள் மட்டும் வண்டியை விடவில்லை. மர்பி டவுனில் இருக்கும் அவன் வீட்டுக்கு அதுதான் குறுக்குவழி. இருந்தாலும் சுற்றிக்கொண்டுதான் போவான். மடியில் கனமிருந்தால்தானே வழியில் பயம்.

அந்தத் தெருவிலிருந்துதான் அன்று மதியம் போன் வந்தது. தெரியாத நம்பர் என்பதால் எடுத்துவிட்டான்.

"சிரில்தானே? பியாட்ரிஸ் மிஸ் பேசறேன்."

வாயிலிருந்த சோறு அப்படியே நின்றது.

"ஓவனைக் கொஞ்சம் பாக்கணும்ப்பா. இன்னைக்கே வர்றியா? நாலு மணிக்கு முன்னாடி வந்துடு."

முடியாது என்று சொல்லத்தான் நினைத்தான். ஆனால் மூன்றாம் வகுப்பில் அவனுக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்த குரல் அது. அந்தக் குரலுக்கு எழுந்து நிற்காமல் அவனுக்குப் பழக்கமில்லை. "வர்றேன் மிஸ்" என்று சொன்ன பிறகுதான், சொன்னது தான்தான் என்று அவனுக்கே தெரிந்தது.

தெருவில் எல்லா வீட்டு வாசலிலும் காகித நட்சத்திரம் கட்டியிருந்தார்கள். மிஸ் வீட்டு வாசலில் மட்டும் வெறும் கொக்கி. தூறல் விழுந்துகொண்டிருந்தது. மூன்றரை மணிக்கே தெரு மங்கலாகிவிட்டது. வண்டியை நிறுத்திவிட்டு, டூல் பாக்ஸை எடுத்துக்கொண்டு நின்றான். உள்ளே போகக் கால் வரவில்லை.

அந்தப் பெட்டியின் அடியில், வாஷர்களுக்கும் ஸ்க்ரூக்களுக்கும் கீழே, விரல் நீளத்தில் ஒரு சிலுவை கிடக்கிறது. குருத்தோலை ஞாயிறன்று பிள்ளைகள் ஓலையை மடித்துச் செய்வார்களே, அதே மடிப்பு. ஆனால் அலுமினிய ஃபாயிலில் செய்தது. மிஸ்ஸின் மகள் நிக்கோல் மீந்துபோன ஃபாயில் துண்டுகளை எறிய மாட்டாள். பேசிக்கொண்டே மடித்துச் சிலுவையாக்கிவிடுவாள். "உங்க வண்டி சாவிக்கு, சிரில் அங்கிள்" என்று ஒன்றை அவனுக்குக் கொடுத்திருந்தாள். அவளைப் புதைத்த அன்று சாவியிலிருந்து அதைக் கழற்றிப் பெட்டிக்குள் போட்டான். தூக்கி எறிய மனசு வரவில்லை. பார்க்கவும் தைரியம் வரவில்லை.

மிஸ்ஸுக்குக் கல்யாணமாகிப் பதினாறு வருஷம் கழித்துப் பிறந்த ஒரே பெண் அவள். அப்பா போன பிறகு, படிப்பை முடித்துவிட்டு வீட்டிலேயே கேக் ஆர்டர் எடுக்க ஆரம்பித்தாள். மேலே நாலு பர்னரும் கீழே கேஸ் ஓவனுமாக அந்த வீட்டில் ஒரு பழைய வெள்ளை அடுப்பு உண்டு. இரண்டு வருஷத்துக்கு முந்தைய ஒரு டிசம்பர் சாயங்காலம், அந்த அடுப்பின் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து, மேஜைமேல் தலைசாய்த்தபடி இறந்துபோனாள். அரைகுறையாக எரிந்த தீயின் நச்சுக்காற்று என்றார்கள் டாக்டர்கள். கேஸ் கசிந்தாலாவது நாற்றம் காட்டிக்கொடுத்திருக்கும். இதற்கு வாசனையும் இல்லை, நிறமும் இல்லை.

அடக்கத்தில் கடைசி வரிசையில் நின்றான் சிரில். அந்த ஓவனில் தீ ஏன் அரைகுறையாக எரிந்தது என்று அங்கே இருந்தவர்களில் அவனுக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்தான். வாயைத் திறக்காமல் திரும்பிப் போனான்.

மிஸ் கதவைத் திறந்தார். இரண்டு ஸ்வெட்டர் போட்டிருந்தார், ஒன்றின்மேல் ஒன்றாக.

"வா. செருப்போட வா, தரை ஈரம்."

ஏன் ஈரம் என்பது சமையலறைக்குள் போனதும் தெரிந்தது. ஜன்னல்களில் கண்ணாடி இல்லை. உடையவில்லை, கழற்றியிருந்தார்கள். கதவையும் கீலோடு எடுத்திருந்தார்கள். பெங்களூர் டிசம்பர்க் குளிர் தூறலோடு நேராக உள்ளே வந்து, மேஜைமேலும் அடுப்புமேலும் விழுந்துகொண்டிருந்தது. சிலிண்டர் இருந்த இடத்தில் துருப்பிடித்த வட்டம் மட்டும். கேஸ் டியூபை யாரோ கத்தரித்திருந்தார்கள். ஹாலில் ஒரு கரண்ட் அடுப்பு வைத்து மிஸ் சமைத்துக்கொள்கிறார் போலும்.

"இதுல கேஸே இல்லையே மிஸ்."

"இல்ல. ரெண்டு வருஷமா பத்தவைக்கல."

"அப்புறம் எதுக்கு சுத்தம் பண்ணணும்?"

"தெறந்து பாரு."

முட்டி போட்டான். இரண்டு வருஷம் எரியாத ஓவன் எப்படி இருக்கும் என்று அவனுக்குத் தெரியாதா? தூசியும் ஒட்டடையும் துருவும்தான் இருக்கும். கதவைக் கீழே இழுத்தான்.

உள்ளே பளபளவென்றிருந்தது.

கம்பித்தட்டு துடைத்துவைத்ததுபோல மின்னியது. சுவரில் ஒரு பொட்டுக் கறை இல்லை. அடித்தகட்டின்மேல் புத்தம்புது ஃபாயில், மூலைக்கு மூலை, ஒரு சுருக்கம் இல்லாமல் விரித்திருந்தது. கரண்டியின் முதுகால் நீவி விட்டிருந்தார்கள். நீவிய கோடுகள் வரிவரியாகத் தெரிந்தன.

"யார் மிஸ் இதைப் போட்டது?"

மிஸ் ஃபாயிலைக் கைகாட்டினார். "எடுத்துடு" என்றார்.

எடுத்தான். ஃபாயில் சலசலத்தது. கீழே அடித்தகட்டின் இரண்டு பக்கமும் நீளநீளமான துளைகள். அவன் கண் அங்கேயே நிலைத்தது. அடியில் எரிகிற தீ மூச்சு விடுவது அந்தத் துளைகள் வழியாகத்தான்.

"எங்கிட்ட ஃபாயில் ரோலே கெடையாது சிரில். அன்னைக்கே தூக்கிப் போட்டாச்சு. வா, ஹால்ல உக்காரு. டீ போடறேன். இன்னும் பத்து நிமிஷம் இருக்கு."

எதற்குப் பத்து நிமிஷம் என்று அவன் கேட்கவில்லை. ஹாலில் நிக்கோலின் படத்துக்குக் கீழே உட்கார்ந்தான். டீக்கோப்பையைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தான். சுவர்க்கடிகாரத்தின் சத்தமும் ஓட்டில் தூறல் சொட்டும் சத்தமும் மட்டும் கேட்டன.

நாலு மணி ஆனது.

சமையலறையில், கொக்கியில் தொங்கிய கரண்டிகள் ஒன்றோடொன்று லேசாக இடித்துக்கொண்டன. காற்று என்று நினைத்தான்.

பிறகு அந்தச் சத்தம்.

சர்ர்... சர்ர்...

கரண்டி முதுகால் ஃபாயிலை நீவுகிற சத்தம். அவசரமில்லாமல், மூலையிலிருந்து மூலைக்கு. ஆரஞ்சுத் தோலும் கிராம்பும் சேர்ந்த வாசனை மெல்ல ஹாலுக்குள் வந்தது.

சிரில் பாதி எழுந்தான். மிஸ் டீக்கோப்பையைக் கீழே வைக்கக்கூட இல்லை.

"ஆரம்பிச்சுட்டா" என்றார்.

"மிஸ்..."

"தெனமும் நாலு மணிக்கு. அந்த டைம்லதான் ஓவனைத் தொடச்சுட்டு, புதுசு விரிச்சுட்டு, சாயங்கால கேக்கை ஏத்துவா. நான் எடுத்துப் போடறேன். மறுநாள் மறுபடியும் விரிக்கறா. கத்திப் பாத்தேன், அழுது பாத்தேன், ஃபாதரைக் கூட்டிட்டு வந்து மந்திரிச்சும் பாத்தேன். கேக்க மாட்டேங்கறா. உயிரோட இருந்தப்பவே நான் சொன்னா எங்க கேட்டா? 'சும்மா இரும்மா, சிரில் அங்கிளுக்குத் தெரியாததா'ம்பா."

சிரில் தலையைக் குனிந்துகொண்டான்.

தெரியும். மிஸ்ஸுக்கு எல்லாம் தெரியும். இரண்டு வருஷமாகத் தெரியும்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் அந்த ஓவனை அவன் சுத்தம் செய்தான். அடித்தகட்டில் சர்க்கரைப்பாகு வழிந்து கல்லாக இறுகியிருந்தது. சோடா உப்பைக் குழைத்துப் பூசி, ஊறவைத்து, சுரண்டி எடுக்க மூன்று மணிநேரம் ஆனது. முட்டி வலியில் அவனுக்கு எரிச்சல். அடுத்த தடவை இந்தப் பாடு படக்கூடாது என்று ஃபாயிலை எடுத்து அடித்தகட்டில் விரித்தான். துளைகள் இருக்கும் இடத்தைப் பிளேடால் வெட்டித் திறந்துவிட்டான். நிக்கோல் பக்கத்தில் குத்துக்காலிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். "இப்படி விரிச்சுட்டா வழியறதெல்லாம் இதுலயே புடிச்சுக்கும்மா. அழுக்கானா மாத்திடு" என்றான். துளைகளை எதற்கு வெட்டிவிட்டான் என்று சொல்லவில்லை. இன்னும் இரண்டு வீடு பாக்கி இருந்தது, கிளம்பிவிட்டான். அந்தப் பெண்ணுக்கோ எதையும் திருத்தமாகச் செய்ய வேண்டும். அடுத்த தடவை ஃபாயிலை மாற்றியபோது வெட்டெல்லாம் இல்லாமல், சந்து பொந்து விடாமல், மூலைக்கு மூலை ஒட்டி விரித்தாள். அவன் செய்ததைவிட அழகாகச் செய்துவிட்டதாக நினைத்திருப்பாள்.

"நான்தான் மிஸ்" என்றான். "நான்தான் அவளுக்குச் சொல்லிக்குடுத்தேன். அரைகுறையாச் சொல்லிட்டுப் போயிட்டேன். அடக்கத்துக்கு வந்தப்பவே சொல்லியிருக்கணும். பயந்துட்டேன் மிஸ்."

"நீ வந்து சொல்லுவேன்னு ரெண்டு கிறிஸ்துமஸ் பாத்தேன்."

அவ்வளவுதான் சொன்னார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பான்.

"நானும்தான் சிரில். புறா வருதுன்னு எக்ஸாஸ்ட் ஃபேன் ஓட்டையில அட்டை வெச்சு அடைச்சது நான். அன்னைக்குக் கோயில்ல பிள்ளைங்களுக்குப் பாட்டு ப்ராக்டிஸ். கெளம்பறப்ப, குளிருது, ஜன்னலைச் சாத்திக்கோடி, சளி புடிச்சுக்கும்னு சொல்லிட்டுப் போனேன். என் பேச்சைக் கேக்காத பொண்ணு, அன்னைக்கு ஒருநாள் கேட்டா."

உள்ளே நீவும் சத்தம் நின்றது.

மிஸ் சட்டென்று சிரிலின் கையைப் பிடித்தார். விரல்கள் ஐஸாக இருந்தன.

"இப்பக் கேளு. இதுக்குத்தான் உன்னைக் கூப்பிட்டேன்."

ஓவன் கதவு சாத்தும் சத்தம். சின்னதாக ஒரு முனகல். இளம்பெண்ணின் குரல், தூக்கக் கலக்கத்தில் இருப்பதுபோல.

"தல வலிக்குதும்மா..."



"இதுக்கப்புறம் ஸ்டூலை இழுப்பா" என்றார் மிஸ், கிசுகிசுப்பாக. "உக்காருவா. அப்புறம் ஒண்ணுமே கேக்காது. மொத வருஷம் சந்தோஷமா இருந்துச்சு சிரில், எம் பொண்ணு தெனம் வர்றாளேன்னு. அப்புறம்தான் புரிஞ்சுது. அவ தெனமும் சாகறா. அன்னைக்கு நான் பக்கத்துல இல்ல. இப்ப தெனமும் பக்கத்துல இருந்து கேட்டுக்கிட்டிருக்கேன். நான் சொன்னா நிறுத்த மாட்டா. நீ சொன்னாத்தான் கேப்பா. போய்ச் சொல்லு. உன் கால்ல வேணா விழறேன்."

உள்ளே, ஸ்டூலின் கால் தரையில் உரசியது.

சிரில் ஓடினான்.

சமையலறையில் யாரும் இல்லை. மேஜைக்கு அடியில் இருந்த ஸ்டூல் தானாக அடுப்பை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. ஒரு விரற்கடை. நின்றது. இன்னும் ஒரு விரற்கடை.

"நிக்கி! உக்காராத!"

ஸ்டூல் நின்றது.

ஓவன் முன்னால் விழுந்து முட்டி போட்டான். கதவைத் திறந்தான். சற்றுமுன் வெறுமையாக விட்டுவிட்டு வந்த அடித்தகட்டில் மூலைக்கு மூலை ஃபாயில். அவன் முகம் அதில் கோணலாகத் தெரிந்தது. அவன் தோளுக்குப் பின்னால், குனிந்து பார்ப்பதுபோல, இன்னொரு நிழல்.

திரும்பவில்லை. திரும்பினால் பேச முடியாமல் போய்விடும் என்று பயந்தான்.

"இங்க பாருமா" என்றான். "சிரில் அங்கிள் அன்னைக்கு அவசரத்துல சொல்லாம போயிட்டேன். இப்ப முழுசாச் சொல்றேன். கேக்கறியா?"

முதுகில் குளிர் ஏறியது. ஆரஞ்சு வாசனை காதருகில் வந்தது.

"இந்தத் தகட்டுல ஓட்டை ஓட்டையா இருக்கே, இது அடைபடவே கூடாது. கீழ எரியற தீ இது வழியாத்தான் மூச்சு விடும். மூடிட்டா தீ திணறும். திணறுற தீ வெஷத்தைக் கக்கும், கண்ணுக்குத் தெரியாது, மூக்குக்கும் தெரியாது. அதனால இங்க ஃபாயில் வேணாம். எப்பவுமே வேணாம். நான் வெட்டிவிட்டுப் போட்டேனே, அதுவும் தப்புதான். சோம்பேறித்தனத்துல பண்ணிட்டேன். கேக் வழியும்னா டின்னுக்குக் கீழ, தட்டுமேல ஒரு சின்ன ட்ரே வெச்சுக்கோ. வழிஞ்சு கருகினா கருகட்டும். நல்லா ஆறினப்புறம், குமிழை மூடி, சிலிண்டரை மூடி, சோடா உப்பைக் குழைச்சுப் பூசு. ராத்திரி முழுக்க ஊறட்டும். காலையில ஈரத்துணியால தொடச்சா வந்துடும். வரலையா, எனக்கு ஒரு போன் போடு. எத்தனை மணிக்கும் வர்றேன். முட்டி வலிக்குதுன்னு சொல்ல மாட்டேன்."

கண்ணீர் ஃபாயில்மேல் விழுந்து டப்பென்று கேட்டது. துடைத்துக்கொள்ளாமல் பேசினான்.

"தீ நீலமா எரியணும். மஞ்சளாச்சுன்னா, சுவத்துல கரி புடிச்சுதுன்னா, ஒடனே அணைச்சுடு. பர்னர் ஓட்டையை மாசம் ஒருவாட்டி ஊசியால குத்திவிடு. டியூப்ல சோப்புத்தண்ணி தடவிப் பாரு, குமிழி விட்டா கசியுதுன்னு அர்த்தம். பத்தவைக்கிறதுக்கு முன்னாடி கதவைத் தொறந்துடு. ஜன்னல்... ஜன்னலைச் சாத்தவே சாத்தாத. எவ்வளவு குளிரானாலும் சாத்தாத. தல வலிச்சா உக்காரக்கூடாது கண்ணு. அணைச்சுட்டு வெளிய ஓடிடணும். போட்டது போட்டபடி இருக்கட்டும், கேக் போனாப் போவுது. வாசல்ல போய் நில்லு. புரியுதா? நான்தான் இதெல்லாம் உனக்குச் சொல்லியிருக்கணும். என்னை மன்னிச்சுடுமா."

எதுவும் நடக்கவில்லை. தூறல் மட்டும் மேஜைமேல் சொட்டிக்கொண்டிருந்தது.

பிறகு, அவன் கண்முன்னால், ஃபாயிலின் ஒரு மூலை மெல்ல மேலே எழும்பியது.

யாரோ நகத்தால் நெம்புவதுபோல.

மற்ற மூலைகளும் எழும்பின. தாள் சலசலவென்று சுருங்கிச் சுருங்கி நடுவில் ஒரு பந்தாகக் கசங்கியது. அடியில் துளைகள் இரண்டு பக்கமும் கறுப்பாகத் தெரிந்தன.

அவனுக்குப் பின்னால் ஸ்டூல் மறுபடியும் உரசியது. மிஸ் வாசலில் நின்று வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். ஸ்டூல் அடுப்பை விட்டு விலகி, அவசரமில்லாமல் தரையைக் கடந்து, கண்ணாடியில்லாத ஜன்னலுக்குக் கீழே போய் நின்றது.

"நிக்கி" என்றார் மிஸ். "நிக்கிம்மா."

ஆரஞ்சு வாசனை கொஞ்ச நேரம் இருந்தது. பிறகு மழை வாசனை மட்டும்தான்.

ஒரு வாரம் கழித்து மிஸ் போன் செய்தார்.

"ஒண்ணும் வரல சிரில். தெனம் நாலு மணிக்கு உக்காந்திருக்கேன். அஞ்சாகுது, ஆறாகுது, ஃபாயில் சத்தமே இல்ல. நல்லதுதானே?"

"நல்லதுதான் மிஸ்."

"ஆமா. அவளுக்கு நல்லதுதான். ஆனா வீடு ரொம்ப சும்மா இருக்குப்பா."

அன்று ராத்திரி சிரில் சாப்பிடவில்லை. அந்தப் பெண்ணைத் தான் இரண்டாவது தடவையும் அவள் அம்மாவிடமிருந்து பறித்துவிட்டதாக அவனுக்குத் தோன்றியது. ஏன் அழுகிறாய் என்று பெண்டாட்டி கேட்டாள்.

கிறிஸ்துமஸுக்கு நாலு நாள் இருக்கும்போது பொம்மனஹள்ளியிலிருந்து ஓர் அழைப்பு. லாவண்யா என்று பேர். தர்மபுரிப் பக்கத்துப் பெண். பிரசவத்துக்காகக் கம்பெனி வேலையை விட்டுவிட்டு, யாரிடமோ பழைய கேஸ் ஓவனை வாங்கிப்போட்டு, வீட்டிலேயே கேக் ஆர்டர் எடுக்கிறாள். மாடியில் இரண்டு அறை வீடு. ஓசூர் ரோட்டுத் தூசிக்குப் பயந்து ஜன்னலை இறுக்கிச் சாத்தியிருந்தாள். கொக்கி துருவேறி இறுகிக் கிடந்தது. சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவே சேலைத் தொட்டிலில் ஆறு மாசக் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

"ஓவன் நின்னு எரியவே மாட்டேங்குது அண்ணா. மூணு நாளா இதே ரோதனை. நான் பத்தவெச்சுட்டு இந்தப் பக்கம் திரும்பினா அணைஞ்சுடுது. இன்னொண்ணும் இருக்கு, சொன்னா சிரிப்பீங்க."

"சொல்லுமா."

"அழுக்காகக் கூடாதுன்னு அடியில ஃபாயில் போட்டேன். வீடியோல பாத்தேன், அப்படித்தான் போடச் சொன்னாங்க. போட்டுட்டு வந்தா, யாரோ எடுத்து வெளிய வெச்சுடறாங்க. மூணு வாட்டி ஆச்சு. எங்க வீட்டுக்காரர்தான் வெளையாடறாருன்னு நெனச்சேன். அவர் நைட் ஷிஃப்ட் முடிச்சுட்டுத் தூங்கறாரு, எழுந்துக்கவே இல்ல."

சிரிலின் கை டூல் பாக்ஸ் பிடியை இறுக்கியது.

"எங்க வெக்கறாங்க?"

"இதோ பாருங்க, அடுப்பு மேல. மடிச்சு மடிச்சு வெச்சிருக்கு."

பர்னர்களுக்கு நடுவே வரிசையாக மூன்று சிலுவைகள் இருந்தன. விரல் நீளம். குருத்தோலை மடிப்பு.

சிரில் கீழே உட்கார்ந்தான். பெட்டியைத் திறந்து, வாஷர்களையும் ஸ்க்ரூக்களையும் ஒதுக்கி, அடியில் கிடந்ததை எடுத்து அவற்றின் பக்கத்தில் வைத்தான். வெளிறிப்போன பழசு ஒன்று, பளபளக்கும் புதுசு மூன்று. நாலும் ஒரே கை மடித்தது.

"யாருண்ணா இது?" என்றாள் லாவண்யா. அவள் குரலும் இறங்கியிருந்தது.

"பயப்படாதம்மா. எங்க பொண்ணுதான். கொழந்தைய முன் ரூமுக்குத் தூக்கிட்டுப் போ. ஓவன்ல ஃபாயில் போடாத. ஏன்னு உனக்கு ஒண்ணுவிடாமச் சொல்லிட்டுத்தான் இங்கேர்ந்து போவேன்."

அவள் தொட்டிலிலிருந்து குழந்தையை அள்ளிக்கொண்டு போனாள். சிரில் போனை எடுத்தான். முதல் மணியிலேயே மிஸ் எடுத்துவிட்டார். சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்திருப்பார், மணி நாலு ஆகப்போகிறது.

"மிஸ், பொம்மனஹள்ளியில ஒரு வீட்டுல இருக்கேன். நிக்கி இங்க வந்திருக்கா மிஸ். சின்னக் கொழந்த இருக்கற வீடு. ஃபாயிலை எடுத்து எடுத்துப் போட்டிருக்கா. நான் சொன்னதெல்லாம் கேட்டுக்கிட்டா மிஸ்."



அப்போது சமையலறையில் டக்கென்று ஒரு சத்தம்.

துருவேறிய கொக்கி தானாக மேலே எழும்பியது. ஜன்னல் கதவு கிறீச்சென்று இழுபட்டு அகலத் திறந்தது. வெளிக்காற்று சில்லென்று உள்ளே வந்து, அடுப்புமேல் இருந்த சிலுவைகளை அசைத்தது. ஆரஞ்சுத் தோல் வாசனை.

"என்ன சத்தம் அது?" என்றார் மிஸ்.

"ஜன்னல் மிஸ்."

"அவ தெறக்கறாளா?"

"ஆமா மிஸ்."

மிஸ் அழுகிறார் என்று தெரிந்தது. பள்ளிக்கூடம் கிளம்புகிற பிள்ளையிடம் சொல்வதுபோலச் சொன்னார்.

"குளிருமே சிரில். ஸ்வெட்டர் போட்டிருக்காளான்னு கேளு."